கார்னெட் படலத்தில் ஒத்ததிர்வு சரியாக வரவில்லையா? படலத்தைக் கடைசியாகச் சந்தேகியுங்கள்

வருஷத்துக்கு நாலைந்து முறையாவது எனக்கு இந்த அழைப்பு வந்துவிடும். "அண்ணா, படலம் போச்சு போல. நேத்து வரைக்கும் முகடு நல்லா இருந்தது, இன்னிக்கு ஒண்ணுமே இல்ல." போய்ப் பார்த்தால் படலம் சௌக்கியமாகத்தான் இருக்கும். காந்தம் திசை மாறியிருக்கும், துண்டு தலைகீழாக உட்கார்ந்திருக்கும், அனலைசரில் யாரோ அமைப்பை மாற்றியிருப்பார்கள். கார்னெட் கல் மாதிரியான பொருள். அது ஒரே இரவில் கெட்டுப்போகாது. சுற்றி இருப்பவைதான் கெடும்.

நான் பேசுவது இந்த மாதிரி மேசையைப் பற்றி: கடோலினியம் காலியம் கார்னெட் (ஜிஜிஜி) அடித்தட்டின் மேல் வளர்த்த இட்ரியம் இரும்பு கார்னெட் (யிக்) படலம், தடிமன் 1 முதல் 20 மைக்ரோமீட்டர். சில மில்லிமீட்டர் அகலத்துக்கு வெட்டிய துண்டு. அடியில் இரண்டு மைக்ரோஸ்ட்ரிப்புகள் (மைக்ரோவேவ் ஓடும் மெல்லிய உலோகப் பட்டைகள்), ஒன்று உள்ளே அனுப்ப, ஒன்று வெளியே எடுக்க. பக்கத்தில் மின்காந்தமும், மைக்ரோவேவை அனுப்பித் திரும்ப வருவதை அளக்கும் நெட்வொர்க் அனலைசரும். காந்தப்புலத்தில் வைத்த படலம் ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் பலமாக அதிரும். அதுதான் ஒத்ததிர்வு, திரையில் அது முகடாகத் தெரியும். நானோமீட்டர் தடிமனுள்ள படலங்களின் குணமே வேறு. கீழே உள்ள எண்களை அவற்றுக்கு அப்படியே பொருத்தாதீர்கள்.

மனப்பாடமாக இருக்க வேண்டியவை இரண்டு எண்கள்தான். புலத்தின் ஒவ்வொரு காஸுக்கும் (காந்தப்புலத்தின் அலகு) 2.8 மெகாஹெர்ட்ஸ், யிக்கின் காந்தமாக்கம் அறை வெப்பத்தில் சுமார் 1750 காஸ். புலம் படலத்துக்குச் செங்குத்தாக இருந்தால், புலத்திலிருந்து 1750-ஐக் கழித்து 2.8-ஆல் பெருக்குங்கள். 3000 காஸில் 3.5 கிகாஹெர்ட்ஸ் வரும். புலம் படலத்தின் தளத்திலேயே இருந்தால், புலத்தையும் (புலம் + 1750)-ஐயும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 2.8-ஆல் பெருக்குங்கள். 1000 காஸில் சுமார் 4.64 கிகாஹெர்ட்ஸ். மேற்பரப்பு அலை (புலத்துக்குக் குறுக்கே ஓடும் காந்த அலை) அதற்கு மேலே 5.25 வரையிலும், பின்னோக்கு அலை (புலத்தோடு சேர்ந்து ஓடுவது) அதற்குக் கீழே 2.8 வரையிலும் பரவியிருக்கும்.

இன்னொன்றும் வேண்டும். நன்றாக வேலை செய்கிறது என்று உறுதியாகத் தெரிந்த ஒரு துண்டை டப்பாவில் போட்டு, "தொடாதே" என்று எழுதி, இழுப்பறையில் வையுங்கள். நான் அதைச் சாட்சித் துண்டு என்பேன். அதன் முகடு எந்தப் புலத்தில், எந்த அதிர்வெண்ணில், எவ்வளவு அகலத்தில் வந்தது என்ற சீட்டும் அதே டப்பாவில் இருக்கட்டும். கீழே பாதிப் பிரச்சினைகளைத் தீர்த்துவைக்கப் போவது இதுதான்.

## அறிகுறி 1: திரையில் ஒன்றுமே இல்லை

புள்ளிகள் போதுமா? முதலில் அனலைசரையே பாருங்கள். 1 கிகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு 201 புள்ளிகள் வைத்தால், புள்ளிக்குப் புள்ளி 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி. நல்ல யிக் படலத்தின் முகடு அரை காஸ் அகலம்தான், அதாவது 1.4 மெகாஹெர்ட்ஸ். இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் அது சுகமாக ஒளிந்துகொள்ளும். கணக்குப் போட்ட இடத்தைச் சுற்றி 100 மெகாஹெர்ட்ஸ் மட்டும் எடுத்து, 1601 புள்ளிகள் வைத்துப் பாருங்கள். படலம் நல்லதாக இருக்க இருக்க இந்தத் தவறு அதிகம் நடக்கும் என்பதுதான் வேடிக்கை.

புலம் இருக்கிறதா? மின்னோட்ட மீட்டரை நம்பாமல் காஸ்மீட்டரால் அளந்து பாருங்கள். செங்குத்துப் புலம் 1750 காஸைத் தாண்டாவிட்டால் படலம் முழுதாகக் காந்தமாகாது, உள்ளே வேறுவேறு திசையில் காந்தமான சிறு பகுதிகள் (டொமைன்கள்) தான் இருக்கும். அந்த நிலையில் ஒழுங்கான முகட்டை எதிர்பார்க்க முடியாது.

படலம் எந்தப் பக்கம்? துண்டைத் திருப்பி வைத்திருந்தால், படலத்துக்கும் ஸ்ட்ரிப்புக்கும் நடுவில் அரை மில்லிமீட்டர் ஜிஜிஜி வந்துவிடும். சிக்னல் அங்கேயே சாகும். கண்ணால் பார்த்து எந்தப் பக்கம் என்று சொல்வது கஷ்டம். திருப்பி வைத்துப் பார்ப்பதுதான் சோதனை, ஒரு நிமிட வேலை. கண்டுபிடித்ததும் அடித்தட்டுப் பக்கத்து மூலையில் வைர ஊசியால் சின்னக் கீறல் போட்டுவிடுங்கள்.

திசை சரியா? மேற்பரப்பு அலை ஒருவழிப் பாதை மாதிரி. ஒரு திசையில் படலத்தின் மேல்முகத்தை ஒட்டியும், எதிர்த்திசையில் கீழ்முகத்தை ஒட்டியும் போகும். அதனால் எஸ்21-இல் (முதல் ஸ்ட்ரிப்பிலிருந்து இரண்டாவதற்குப் போவது) தெரியாதது எஸ்12-இல் (எதிர்த்திசையில் போவது) பளிச்சென்று தெரியலாம். இரண்டையும் பாருங்கள், அல்லது காந்தத்தின் மின்னோட்டத் திசையை மாற்றுங்கள். மாற்றும்போது முதலில் மின்னோட்டத்தைப் பூஜ்யத்துக்கு இறக்குங்கள். சுருள் ஓடிக்கொண்டிருக்கும்போது வயரைக் கழற்றினால் தீப்பொறி பறக்கும். அந்த மின்னழுத்தம் ஆளையும் அடிக்கும், பவர் சப்ளையையும் அடிக்கும்.

ஸ்ட்ரிப் அறுந்திருக்கிறதா? இதெல்லாம் சரியென்றால் சாட்சித் துண்டை வையுங்கள். அதுவும் தெரியவில்லையா? அப்படியானால் படலம் குற்றவாளி இல்லை. ஸ்ட்ரிப்பின் மறுமுனை தரையோடு சேர்ந்திருந்தால், ஓம் மீட்டரால் தொடர்ச்சி பாருங்கள். 50 மைக்ரோமீட்டர் அகல ஸ்ட்ரிப்பில், கனெக்டரின் முள் சால்டரோடு சேரும் இடத்தில்தான் வழக்கமாக விரிசல் விடும். கேபிளை ஆட்டினால் திரை ஆடுகிறது என்றால் அங்கேதான் கோளாறு.

சாட்சித் துண்டு தெரிகிறது, புதுத் துண்டு மட்டும் எந்தப் புலத்திலும் எந்தப் பக்கத்திலும் தெரியவில்லை என்றால்தான் படலம் வளர்த்தவரிடம் பேச வேண்டும். எனக்கு அப்படி ஒரே ஒரு தடவைதான் நடந்தது. விசாரித்தால், படலமே வளர்க்காத வெறும் ஜிஜிஜி தட்டு ஒன்று உறை மாறி வந்திருந்தது.

## அறிகுறி 2: முகடு வருகிறது, ஆனால் கணக்குப் போட்ட இடத்தில் இல்லை

எவ்வளவு தள்ளி என்பதை முதலில் பாருங்கள். செங்குத்துப் புலத்தில் 100 முதல் 200 மெகாஹெர்ட்ஸ் மேலே வந்தால் பதற வேண்டாம். (111) திசையில் வளர்த்த படலத்தின் படிக அசமத்தன்மை (படிகத்தில் திசைக்குத் திசை காந்த குணம் வேறுபடுவது) மட்டுமே சுமார் 160 மெகாஹெர்ட்ஸ் மேலே தூக்கும். துண்டு சின்னதாக இருந்தால் ஓரங்களின் விளைவும் கொஞ்சம் சேர்த்துத் தூக்கும். மேலே சொன்ன கணக்கில் இவை இரண்டும் சேரவில்லை.

அதற்கு மேல் தள்ளியிருந்தால்:

ஹால் ப்ரோப் (காஸ்மீட்டரின் அளக்கும் முனை). புலத்துக்குச் செங்குத்தாக இல்லாமல் 10 டிகிரி சாய்ந்திருந்தால் ஒன்றரை சதவீதம் குறைத்துக் காட்டும். 3000 காஸில் அது 45 காஸ், அதாவது சுமார் 125 மெகாஹெர்ட்ஸ். ப்ரோப்பைச் சிறிது சிறிதாகத் திருப்பி, காட்டும் எண் உச்சத்துக்குப் போகும் இடத்தில் படியுங்கள். பூஜ்யத்தைச் சரிசெய்யும்போது ப்ரோப் காந்தத்தின் வாயில் இருக்கக் கூடாது. மின்னோட்டம் இல்லாவிட்டாலும் துருவ இரும்பில் மீதிக் காந்தம் இருக்கும்.

படலத்தின் சாய்வு. செங்குத்து அமைப்பில், புலத்தை மாற்றாமல் துண்டை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். சரியாகச் செங்குத்தாக இருக்கும்போது அதிர்வெண் ஆகக் குறைவு. எந்தப் பக்கம் சாய்த்தாலும் ஏறும். தளப் புலத்தில் நேர் எதிர்: சரியாகத் தளத்தில் இருக்கும்போது ஆக அதிகம். அதனால் கோணமானி தேவையில்லை, முகடே கோணமானி.

சரிவு சோதனை. செங்குத்து அமைப்பில் மூன்று வேறு புலங்களில் முகட்டின் இடத்தைக் குறியுங்கள். காஸுக்கு 2.8 மெகாஹெர்ட்ஸ் சரிவு வருகிறதா? சரிவு சரி, எல்லாமே ஒரே அளவு தள்ளியிருக்கிறது என்றால் காஸ்மீட்டரின் பூஜ்யமோ படலத்தின் அசமத்தன்மையோ காரணம். சரிவே தப்பு என்றால் காஸ்மீட்டரின் அளவீட்டைச் சோதிக்க வேண்டும், இல்லாவிட்டால் படலம் சாய்ந்திருக்கிறது. சாட்சித் துண்டையும் இதேபோல் அளந்தால் இரண்டில் எது என்று பிரிந்துவிடும்.

சாட்சித் துண்டு சரியான இடத்தில் இருந்து, புதுத் துண்டு மட்டும் பல நூறு மெகாஹெர்ட்ஸ் தள்ளி நின்றால், படலத்தின் கலவையோ படிகப் பொருத்தமோ மாறியிருக்கலாம். யிக்கின் படிக அலகு 12.376 ஆங்ஸ்ட்ராம், ஜிஜிஜியின் அலகு 12.383. உருகிய ஈய ஆக்சைடில் மூழ்க வைத்து வளர்க்கும்போது கொஞ்சம் ஈயம் உள்ளே போனால் இந்தப் பொருத்தம் மாறும், கூடவே இழுவிசையும் மாறும். இதை மேசையில் சரிசெய்ய முடியாது. எக்ஸ்-கதிர் விளிம்பு விலகல் அளப்பவரிடம் துண்டைக் கொடுங்கள்.

## அறிகுறி 3: முகடு அகலமாக இருக்கிறது

"படலம் மட்டம்" என்ற தீர்ப்பு அதிகம் சொல்லப்படுவதும், அதிகம் தப்பாகப் போவதும் இங்கேதான். நானே ஒரு படலத்தை மூன்று வாரம் திட்டித் தீர்த்தேன். கடைசியில் அதற்கும் ஸ்ட்ரிப்புக்கும் நடுவில் ஒரு கண்ணாடிச் சில்லை வைத்ததும் அகலம் பாதிக்கும் கீழே வந்தது. அந்தச் சில்லின் விலை ஒரு டீக்கு ஆகாது.

எதை அளந்தீர்கள்? விற்றவர் தாளில் எழுதியிருக்கும் அகலம் பாதி உயரத்தில் முழு அகலமா, ஈஎஸ்ஆர் (எலக்ட்ரான் ஸ்பின் ஒத்ததிர்வு) கருவியின் உச்சிக்கும் பள்ளத்துக்கும் இடைப்பட்ட அகலமா? முன்னது பின்னதைவிட 1.73 மடங்கு பெரியது. இரண்டையும் ஒப்பிட்டுச் சண்டை போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். காஸை மெகாஹெர்ட்ஸாக்கும்போதும் கவனம் வேண்டும். செங்குத்துப் புலத்தில் 2.8-ஆல் பெருக்கினால் போதும். தளப் புலத்தில் 1000 காஸ் பக்கத்தில் 3.2-ஆல் பெருக்க வேண்டும். ஒற்றை ஸ்ட்ரிப்பில் பள்ளமாகப் பார்க்கிறவர்கள், பள்ளத்தின் அடியிலிருந்து 3 டெசிபெல் மேலே அளந்துவிட்டு அதுதான் படலத்தின் அகலம் என்று எழுதாதீர்கள்.

பவர் அதிகமா? 10 டெசிபெல் குறையுங்கள். அகலமும் வடிவமும் மாறினால் அறிகுறி 7-க்குப் போங்கள்.

பிணைப்பு இறுக்கமா? நான் மூன்று வாரம் தொலைத்த இடம் இது. படலம் ஸ்ட்ரிப்பின் மேல் நேரடியாக உட்கார்ந்தால், உள்ளே இருக்கும் ஆற்றல் ஸ்ட்ரிப் வழியாகவே வெளியே கசியும். கீழே இருக்கும் உலோகத் தரையும் தன் பங்குக்குத் தின்னும். நுண்ணோக்கிக்குப் பயன்படுத்தும் கவர் ஸ்லிப் ஒன்றை (0.15 மி.மீ. பக்கம் தடிமன்) நடுவில் வையுங்கள். முகடு சின்னதாகி ஒடுங்கினால் குற்றம் பிணைப்பில். இன்னொன்று வையுங்கள். அகலம் இனி மாறவில்லை என்ற இடம் வந்ததும் நிற்பதுதான் படலத்தின் சொந்த அகலம். முகடு சின்னதானதே தவிர அகலம் அப்படியே இருந்தது என்றால், அடுத்த காரணத்துக்குப் போங்கள்.

புலம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரியா? துண்டின் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் 1 காஸ் வித்தியாசம் இருந்தாலே 2.8 மெகாஹெர்ட்ஸ் அகலம் கூடிவிடும். துண்டு வைத்த மேடையை ஒரு மில்லிமீட்டர் நகர்த்தி, முகடு எவ்வளவு நகர்கிறது என்று பாருங்கள். எந்தப் பக்கம் நகர்த்தினாலும் முகடு நகராத இடமே காந்தத்தின் நடு. அங்கே வையுங்கள். அப்புறம் கனெக்டர்களையும் சோதியுங்கள். தங்க முலாமுக்கு அடியில் நிக்கல் இருப்பவை உண்டு. செமி ரிஜிட் கேபிள் சிலவற்றின் நடுக்கம்பி, செம்பு பூசிய எஃகு. கைக்காந்தத்தில் ஒட்டுகிற எதுவும் துண்டுக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது.

புலம் நடுங்குகிறதா? பவர் சப்ளையின் ரிப்பிள் (மின்னோட்டத்தில் மிஞ்சும் சிறு அலைவு) முகட்டை 100 ஹெர்ட்ஸில் முன்னும் பின்னும் ஆட்டும். அனலைசர் சராசரி எடுத்து, அதை அகலமாகக் காட்டும். சோதனை சுலபம்: ஒரே அதிர்வெண்ணில் நிறுத்தி, முகட்டின் சரிவுப் பக்கத்தில் பாதி உயரத்தில் வைத்து, நேரத்துக்கு எதிராகப் பாருங்கள். 10 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை அலை தெரிந்தால் ரிப்பிள். பெரிய காந்தத்தின் பவர் சப்ளையை நீங்களே திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் கபாசிட்டர்கள் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சார்ஜோடு இருக்கும். பராமரிப்பு இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். அவர் வரும்வரை, நிரந்தரக் காந்தத்தில் ஒரு தடவை அளந்து வைத்தால் சண்டைக்கு ஆதாரம் கையில் இருக்கும்.

பசை. துண்டை சூப்பர் குளூவால் ஒட்டினீர்களா? அது காயும்போது சுருங்கி இழுக்கும். யிக் இழுவிசைக்கு வளைந்து கொடுக்காது, தன் அதிர்வெண்ணை மாற்றிக் காட்டும். இழுவிசை இடத்துக்கு இடம் வேறுபட்டால் முகடு பரவும். அசிட்டோனில் ஊறவைத்துப் பிரித்துவிட்டு, மூலையில் கடுகளவு வேக்யூம் கிரீஸ் வைத்து உட்கார வையுங்கள்.

ஓரங்கள். மைக்ரோஸ்கோப்பில் ஓரத்தைப் பாருங்கள். வெட்டும்போது பற்கள் மாதிரி பெயர்ந்திருந்தால் அங்கெல்லாம் உள்புலம் தாறுமாறாக இருக்கும். புதிய பிளேடில், மெதுவான வேகத்தில் மறுபடி வெட்டித் தரச் சொல்லி துண்டு வெட்டித் தரும் டைசிங்காரரிடமே கொடுங்கள். வீட்டு உப்புத்தாளில் தேய்த்துச் சரிசெய்கிறேன் என்று இறங்க வேண்டாம்.

படலம்தான். இவ்வளவும் பார்த்தாகிவிட்டது என்றால், சரி, இனி படலத்தைச் சந்தேகிக்கலாம். 1 மில்லிமீட்டருக்கும் சின்னத் துண்டு ஒன்றை ஈஎஸ்ஆர் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். அவர்களுடைய 9.4 கிகாஹெர்ட்ஸில் தளப் புலம் 2600 காஸ் பக்கத்திலும் செங்குத்துப் புலம் 5100 பக்கத்திலும் கோடு வரும் என்று சீட்டில் எழுதிவிடுங்கள். பெரிய துண்டை அனுப்பினால் அவர்கள் கருவியின் மைக்ரோவேவ் குழிவையே அது திணறடிக்கும், மறுபடி பொய்யான அகலம் வரும். ஒரே தட்டின் நடுவிலிருந்து ஒன்று, ஓரத்திலிருந்து ஒன்று அனுப்புவது நல்லது. நடு ஒடுங்கி, ஓரம் அகலமாக இருந்தால் தட்டு முழுவதையும் தூக்கிப்போட வேண்டியதில்லை.

## அறிகுறி 4: ஒன்றுக்குப் பதில் பல முகடுகள்

இது கோளாறே இல்லாமலும் இருக்கலாம். 1956-இல் வைட், சால்ட் இருவரும் ஃபெரைட் கோளங்களில் ஒன்றுக்குப் பதில் பல ஒத்ததிர்வுகளைப் பார்த்தார்கள். 1957-இல் வாக்கர் அவற்றுக்குக் கணக்குச் சொன்னார். உங்கள் துண்டும் அதையேதான் செய்கிறது. ஓரத்துக்கு ஓரம் அலை மோதித் திரும்புகிறது. வேண்டாத முகடு எது, இயல்பான முகடு எது என்று பிரிப்பதுதான் வேலை.

புலத்தை மாற்றுங்கள். நகராத முகடு படலத்துடையது இல்லை. பெட்டியின் ஒத்ததிர்வு, கேபிள், கனெக்டர் இவற்றில் ஏதோ ஒன்று. பெட்டி மூடியைத் திறந்து விரலை உள்ளே நீட்டினால் அது ஆடும்.

இடைவெளியை அளங்கள். செங்குத்துப் புலத்தில் அடுத்தடுத்த மோடுகளின் (ஓரத்துக்கு ஓரம் நிற்கும் அலை வடிவங்களின்) இடைவெளி தோராயமாக 3.8 கிகாஹெர்ட்ஸை தடிமனால் பெருக்கி அகலத்தால் வகுத்தது. 10 மைக்ரோமீட்டர் தடிமன், 1 மி.மீ. அகலம் என்றால் 40 மெகாஹெர்ட்ஸுக்குச் சற்றுக் குறைவு. 5 மி.மீ. அகலம் என்றால் 8-க்குள். சீரான புலத்தில் ஒற்றைப்படை மோடுகள் மட்டும் நன்றாகத் தெரியும். அப்போது இடைவெளி இரண்டு மடங்கு. கணக்கு ஒத்துப்போனால் துண்டு தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம்.

எந்தப் பக்கம் கூட்டம்? எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. செங்குத்துப் புலத்தில் கூடுதல் மோடுகள் முதன்மை முகட்டுக்கு மேலே, அதிக அதிர்வெண் பக்கம் நிற்க வேண்டும். தளப் புலத்தில், அலை புலத்துக்குக் குறுக்கே ஓடினால் மேலே. புலத்தோடு சேர்ந்து ஓடினால் கீழே. செங்குத்துப் புலம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள், ஆனால் கீழ்ப் பக்கம் கூட்டம் கூடியிருக்கிறதா? துண்டு நன்றாகச் சாய்ந்திருக்கிறது. சதுரத் துண்டைத் தளப் புலத்தில் வைத்தால் இரண்டு பக்கமும் வரும். துண்டை 90 டிகிரி திருப்பியும் படம் மாறவில்லை என்றால் சதுரம்தான் காரணம். நீளமும் அகலமும் வேறுவேறான துண்டை எடுங்கள்.

முதுகில் இன்னொரு படலம். கிடையாக மூழ்கவிட்டாலும் நிமிர்த்தி மூழ்கவிட்டாலும் ஜிஜிஜி தட்டின் இரண்டு பக்கமும் உருகலில் நனையும், இரண்டிலும் படலம் வளரும். சில இடங்களில் ஒரு பக்கத்தைத் தேய்த்து எடுத்துவிட்டுத் தருவார்கள், சில இடங்களில் அப்படியே தருவார்கள். முதன்மை முகட்டுக்குப் பக்கத்தில், சிறிதாக, புலத்தோடு சேர்ந்தே நகரும் இரட்டைப் பிறவி ஒன்று தெரிந்தால் இதைச் சந்தேகியுங்கள். துண்டைத் திருப்பி வையுங்கள். பெரியது சிறிதாகவும் சிறியது பெரிதாகவும் மாறினால் உறுதி. சூடான ஆர்த்தோபாஸ்பாரிக் அமிலத்தில் கார்னெட் கரையும் என்பது உண்மைதான், ஆனால் நூற்றைம்பது டிகிரிக்கு மேல் சூடான அமிலம் அது. ஃப்யூம் ஹுட்டும் அனுபவமும் உள்ளவரிடமோ, பாலிஷ் செய்பவரிடமோ கொடுங்கள்.

தடிமன் மோடுகள். மேற்பரப்பு அலையின் பரந்த மேட்டில் சீப்புப் பல் மாதிரி நறுக்கு நறுக்காகப் பள்ளங்கள் விழுந்தால், படலத்தின் தடிமன் குறுக்கே நிற்கும் ஸ்பின் அலைகளோடு (காந்தமாக்கத்தில் எழும் குறுகிய அலைகள்) அது கலக்கிறது. 1 மைக்ரோமீட்டர் படலத்தில் முதல் தடிமன் மோடு சுமார் 5 காஸ் தள்ளி வரும். 5 மைக்ரோமீட்டரில் 0.2 காஸ்தான், முதல் சில மோடுகளைத் தனியாகப் பிரிக்கவே முடியாது. இது பழுதில்லை. தடிமனை மாற்றாமல் போக்கவும் முடியாது.

ஒத்ததிர்வே வேண்டாம், அலை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போனால் போதும் என்கிறவர்கள், துண்டின் முனைகளைச் சரிவாக வெட்டச் சொல்லுங்கள். திரும்பி வரும் அலை கோணம் மாறி ஓடிவிடும்.

## அறிகுறி 5: முகடு ஓரிடத்தில் நிற்காமல் அலைகிறது

மெதுவாக, ஏறி இறங்கி: ஏசியைப் பாருங்கள். யிக்கின் காந்தமாக்கம் ஒரு டிகிரிக்கு மூன்றரை, நான்கு காஸ் குறையும். செங்குத்துப் புலத்தில் அது டிகிரிக்கு சுமார் 10 மெகாஹெர்ட்ஸ் ஏற்றம். தளப் புலத்தில் 1000 காஸில் சுமார் 3 மெகாஹெர்ட்ஸ் இறக்கம். எங்கள் ஆய்வகத்தில் ஒரு முகடு இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மூச்சு விடுவது போல நகர்ந்தது. கம்ப்ரசர் ஓடி நிற்கும் நேரத்தைக் குறித்துப் பார்த்தோம், பொருந்திவிட்டது. துண்டைத் தெர்மோகோல் பெட்டியால் மூடியதும் நின்றது.

நியோடிமியம் காந்தமும் டிகிரிக்கு 0.11 சதவீதம் பலம் இழக்கும். செங்குத்து அமைப்பில் 3000 காஸ் பக்கம் இரண்டு இழப்பும் ஏறக்குறைய சமமாகி ஒன்றையொன்று விழுங்கிவிடும். மின்காந்தத்தை விட்டு நியோடிமியத்துக்கு மாற ஒரு நல்ல காரணம்.

காந்தத்தைப் போட்டதிலிருந்து ஒரே திசையில்: சுருள் சூடேறுகிறது. ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். தண்ணீர் ஓட்டம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அதே மின்னோட்டம், வேறு இடம்: இரும்பின் ஹிஸ்டரிசிஸ் (முந்தைய காந்தநிலையை மறக்காத குணம்). எப்போதும் கீழிருந்து மேலே வாருங்கள். தாண்டிவிட்டால் முழுக்க இறக்கி மறுபடி ஏற்றுங்கள்.

திடீரென்று தாவினால்: துண்டு அசைகிறது. செங்குத்துப் புலத்தில் படலம் எழுந்து நின்று புலத்தின் திசைக்குத் தன் தளத்தைத் திருப்பப் பார்க்கும். ஒட்டாமல் வைத்த துண்டு சாயும், சில சமயம் குதிக்கும். கடுகளவு கிரீஸ் இங்கேயும் மருந்து.

## அறிகுறி 6: முகடு ஒருபக்கம் சாய்ந்திருக்கிறது, ஒருபுறம் மலை, மறுபுறம் குழி

இரண்டு ஸ்ட்ரிப்புகளுக்கு நடுவில் மின்காந்த அலை நேரடியாகவும் தாவுகிறது. படலம் வழியாக வருவதோடு அது ஒரு பக்கம் கூடி, மறு பக்கம் அழிக்கிறது. புலத்தை வெகுதூரம் தள்ளி, முகடு திரையை விட்டு வெளியேறிய நிலையில் அளந்து சேமியுங்கள். அதுதான் நேரடிக் கசிவு. அதைக் கழித்தால் முகடு நேராகும். டெசிபெல்லில் கழிக்காதீர்கள், சிக்கலெண்ணாக (அளவும் கட்டமும் சேர்த்து) கழிக்க வேண்டும். நிரந்தர வைத்தியம், பெட்டியைக் குறுக்கி, உங்கள் அதிர்வெண் அதற்குள் பரவ முடியாதபடி செய்வது. ஸ்ட்ரிப்புகளுக்கு நடுவில் ஒரு தரைச் சுவர் எழுப்புவதும் உதவும்.

பவரைக் குறைத்தால் சாய்வு போகிறது என்றால் அது வேறு நோய். கீழே பாருங்கள்.

## அறிகுறி 7: பவர் ஏற ஏற முகடு மாறுகிறது

அனலைசரை மறுபடி ஆன் செய்தால் அதன் வழக்கப்படியான பவருக்குப் போய்விடும், யிக்குக்கு அது பெரும்பாலும் அதிகம். −20 டிபிஎம்மில் (ஒரு மில்லிவாட்டுக்கு 20 டெசிபெல் கீழே) தொடங்குங்கள். அதிலிருந்து 10 டெசிபெல் இறக்கினாலும் வடிவம் மாறவில்லை என்றால்தான் நீங்கள் பார்ப்பது படலத்தின் இயல்பு.

தலை தட்டையாகிறது: தளப் புலத்தில், 3.3 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே, ஒத்ததிர்வு தன் பாதி அதிர்வெண்ணில் இருக்கும் ஸ்பின் அலைகளுக்கு ஆற்றலைக் கொட்டிவிடும். மிகக் குறைந்த பவரிலேயே இது ஆரம்பிக்கும். மேற்பரப்பு அலையின் மேல் முனைக்கு இந்த ஆபத்து 4.9 கிகாஹெர்ட்ஸ் வரை உண்டு. புலத்தைக் கூட்டி அதற்கு மேலே போங்கள், அல்லது செங்குத்துப் புலத்துக்கு மாறுங்கள். பவர் லிமிட்டர் செய்கிறவர்கள் இதே குணத்தைத்தான் காசாக்குகிறார்கள்.

மடிந்து சாய்கிறது: செங்குத்துப் புலத்தில் பவர் கூடினால் முகடு மேல் அதிர்வெண் பக்கம் சாயும், தளப் புலத்தில் கீழ்ப் பக்கம். மேலே போகும் ஸ்வீப்பும் கீழே வரும் ஸ்வீப்பும் வேறுவேறாக இருந்தால் நன்றாகவே மடிந்துவிட்டது. பவரைக் குறைப்பது தவிர வேறு வைத்தியம் இல்லை.

## அறிகுறி 8: குளிர்வித்ததும் அகலமாகிவிட்டது

அறை வெப்பத்தில் நன்றாக இருந்து, கிரையோஸ்டாட்டில் சில பத்து கெல்வினுக்கு இறக்கியதும் அகலமானால், முதலில் துண்டு ஒட்டிய விதத்தைப் பாருங்கள். குளிரில் பசை சுருங்கி இழுக்கும். அது இல்லையென்றால் இரண்டு காரணங்கள்: படலத்தில் கலந்த அரிய மண் மாசு, அல்லது ஜிஜிஜி. கடோலினியம் குளிரக் குளிரப் பலமான பாராகாந்தமாகி, படலத்தின் புலத்தையும் மாற்றும், ஆற்றலையும் தின்னும். இரண்டுமே மேசையில் தீராதவை. மாசு என்றால் தூய மூலப்பொருளில் வளர்த்த படலமும், ஜிஜிஜி என்றால் அடித்தட்டை நீக்கிய படலமும் கேட்க வேண்டும். இரண்டும் விலை கூடியவை. அதனால் அந்த வெப்பநிலை உண்மையிலேயே தேவையா என்று வழிகாட்டியிடம் முதலில் கேட்டுவிடுங்கள்.

## படலம் வளர்த்தவருக்கு எழுதும்போது

"படலம் சரியில்லை" என்று ஒரு வரி அனுப்பினால் பதில் வராது. இவற்றை எழுதுங்கள்: தட்டின் எண், துண்டை எந்த இடத்திலிருந்து வெட்டினீர்கள், நீளம், அகலம், தடிமன், புலத்தின் திசை, மூன்று புலங்களில் முகட்டின் இடம், −20, −30 டிபிஎம் இரண்டிலும் அகலம், கவர் ஸ்லிப் இல்லாமலும் ஒன்று, இரண்டு வைத்தும் அகலம், எதால் ஒட்டினீர்கள், அறையின் வெப்பம். அதே நாளில் அதே மேசையில் சாட்சித் துண்டு கொடுத்த எண்களையும் பக்கத்து நெடுவரிசையில் போடுங்கள். துண்டைப் பஞ்சில் சுற்றாமல் ஜெல் பெட்டியில் வைத்து, படலப் பக்கம் மேலே இருக்கும்படி அனுப்புங்கள்.